மூன்று பார் ஐஸ்

இராத்திரி ஒன்றேகாலுக்குப் போன்.
தீர்த்தகிரி. பேச்சைவிட மூச்சுதான் அதிகம் கேட்டது.
"கடமான். பெருசு.
மூணு பார் ஐஸ் எடுத்துக்கிட்டு வா,
உமி நெறயப் போட்டு மூடு.
தோட்டத்துக்குள்ள வந்ததும் லைட்டை அமத்திரு."

சித்திரை பிறந்து நாலு நாள்.
குப்பனூர்ப் பக்கம் மல்கோவா இன்னும் கல்லாட்டம் காய்.
முந்திக்கொண்டு பழுத்த செந்தூரா மட்டும்
விழுந்து கிடந்தது வரப்போரமாய்.
மலையில் ஓடை வற்றிவிட்டது.
மரத்தடியில் ஈரமாய் இருந்தது
அந்தப் பழம் ஒன்றுதான்.

நான் மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் ஓட்டுகிறவன்.
துப்பாக்கியைத் தொட்டதில்லை.
எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்று:
உயிர் போன நிமிடத்திலிருந்து
வெக்கை தின்னத் தொடங்கிவிடும்,
மீனோ மானோ,
அதற்குப் பாகுபாடு கிடையாது.

போய்ச் சேர்ந்தபோது மான் இல்லை.
மூன்று ஆட்கள் இருந்தார்கள்,
குத்தகைக்காரர் செங்கோடன்,
அவர் மச்சினன் மாதையன்,
நாட்டுத் துப்பாக்கியை வேட்டியில் சுற்றிக்கொண்டு தீர்த்தகிரி.
பத்தடிக்கு இரத்தம் இருந்தது.
அப்புறம் மரவள்ளிக் காடு.

"பட்டிருக்கு. நல்லாப் பட்டிருக்கு"
என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான்,
யாரும் இல்லையென்று சொல்லாதபோதே.

செல்போன் வெளிச்சத்தில் தண்டு தண்டாய்த் தேடினோம்.
இலையெல்லாம் விரித்த கை மாதிரி.
ஒவ்வொரு கையிலும் ஒரு கறுப்புச் சொட்டு இருக்கிறதா என்று
புரட்டிப் பார்த்தோம்.
பாறை பகலில் குடித்த சூட்டை
முழங்கால் உயரத்தில் துப்பிக்கொண்டிருந்தது.
ஏற்காட்டுச் சாலையில், எங்கோ மேலே,
ஒற்றை லாரி
வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்கியது.
மாதையன் அதை ஃபாரஸ்ட் ஜீப் என்றான்.
நால்வரும் உட்கார்ந்துவிட்டோம்
செடியோடு செடியாக.

அப்போதுதான் கேட்டது,
தோட்டத்து அந்தக் கோடியில் என் வண்டி
சொட்டு, சொட்டு, சொட்டென்று
காசை இறக்கிக்கொண்டிருந்தது.

விடிந்து ஏழரைக்குக் காக்கைகள் காட்டிக்கொடுத்தன.
வறண்ட தடுப்பணைக்குள்,
தண்ணீர் இருந்த இடத்தில் மூக்கை வைத்தபடி.
வயிறு உரச் சாக்குபோல் ஏறியிருந்தது.
கண்ணில் எறும்பு.
ஆண் இல்லை. கொம்பு இல்லை.
'பெருசு' மட்டும் உண்மை.

"தொடையையாவது..." என்று மாதையன் கத்தியை வைத்தான்.
கைதவறி வயிறு கிழிந்தது.
நான் கெட்ட மீனின் நாற்றத்துக்குத் தயாராக நின்றிருந்தேன்.
வந்தது பழ வாசம்.
கள்ளுக்கடை வாசலில் யாரோ
மாம்பழக் கூடையைக் கவிழ்த்துவிட்ட மாதிரி.
கொட்டைகள் உருண்டன.
செங்கோடன் எண்ணினார், ஏனென்று தெரியவில்லை.
பதினொன்று.
தன் தோட்டத்துப் பழம் என்பதற்காக இருக்கும்.

யாரும் சாப்பிடவில்லை.
மண்ணைத் தள்ளினார்கள், முள்ளைப் போட்டார்கள்.
தீர்த்தகிரி துப்பாக்கியைத் துடைத்தான்,
பிறகு கையை, பிறகு மறுபடியும் துப்பாக்கியை.
ஐஸுக்கு யார் பணம் தருவது என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் அந்த நேரத்தில் தந்திருப்பார்கள்.

வண்டிக்குத் திரும்பினேன்.
உமிக்குள் தேங்காய் அளவு மிச்சம்.
வண்டிக்கடியில் உருகின தண்ணீர்
சின்னக் குழியில் தேங்கி, பாதி வற்றியிருந்தது.
சுற்றிலும் குளம்பு.
அகலமாய், புதுசாய்,
சேற்றில் முட்டி மடிந்த தடம்கூட இருந்தது.

நாங்கள் நாலு பேரும்
ஒரு சாவைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்
இன்னொன்று இறங்கி வந்து
நிதானமாய்க் குடித்துவிட்டுப் போயிருக்கிறது.

பின்னால் தீர்த்தகிரி வரும் சத்தம்.
செருப்புக் காலால் தடத்தைக் கலைத்தேன்.
அவன் "என்னடா?" என்றான்.
"ஆயில் ஒழுகுதான்னு பாத்தேன்."

முதலாளி நோட்டில் எழுதினேன்:
மூன்று பார்.
வெயிலில் போயிற்று.